உப்பு ஏறும் போர்வெல், நிரம்பும் குப்பைக்கூடை: வீட்டில் எதை முதலில் மாற்றுவது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வாடகை வீட்டில் இருப்பதாகவும், மாமியாரோடு சேர்த்து வீட்டில் நாலு பேர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போர்வெல் தண்ணீரில் வருஷத்துக்கு வருஷம் உப்பு ஏறுகிறது, குப்பை வண்டியில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கேட்கிறார்கள், இந்த இரண்டுக்கும் வீட்டளவில் என்ன செய்யலாம், எதில் ஆரம்பிக்கலாம் என்பது உங்கள் கேள்வி. பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள் என்பதைத் தாண்டி ஏதாவது சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கடலூர்க்காரன். கட்டட வேலை, பிளம்பிங் வேலை என்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே நிறைய வீடுகளின் மொட்டை மாடியையும் சமையலறையையும் பார்த்தவன். அங்கே கண்டதை வைத்தே சொல்கிறேன்.

ஒரு வீட்டில் தண்ணீர் பெரிய அளவில் வீணாகும் இடங்கள் நாலைந்துதான் இருக்கும். அவற்றில் பாதி யார் கண்ணிலும் படாது. குப்பையும் அப்படித்தான், கூடையைக் கனமாக்குவது சமையலறைக் கழிவு ஒன்றுதான். இந்தப் பெரிய ஓட்டைகளை முதலில் அடைத்துவிட்டு அப்புறம் சின்னப் பழக்கங்களுக்கு வாருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிள்ளைகளிடம் பல் தேய்க்கும்போது குழாயை மூடச் சொல்லிக் கண்டிப்பார்கள், மாடியில் டேங்க் வழிந்துகொண்டிருக்கும்.

முதலில் உப்பு விஷயம். நம் கடற்கரையோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. கடல் தண்ணீர் சுமார் 2.5 சதவீதம் கனம் கூடியது. அதனால் தண்ணீர் மேல் எண்ணெய் மிதப்பதுபோல, மழையால் இறங்கிய நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. இதில் ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். அதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். இறைத்து இறைத்து மேல்மட்டம் 1 அடி இறங்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி மேலே வர வழி கிடைக்கிறது. நிலத்துக்கு நிலம் இதில் வித்தியாசம் இருக்கும். ஆனால் முத்தியால்பேட்டையிலும், எங்கள் பக்கம் கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினத்திலும் போர் கரிக்க ஆரம்பிப்பதற்குப் பின்னால் இருக்கும் அடிப்படை இதுதான். உப்பு வந்துவிட்டது என்று போரை இன்னும் ஆழமாக இறக்குபவர்கள் சில சமயம் உப்பை நோக்கியே போகிறார்கள்.

புதுச்சேரிக்கு இது புதிய கவலையும் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். பாரதி பூங்காவுக்குள் இருக்கும் ஆயி மண்டபம் அதன் நினைவாகத்தான் எழுந்தது. தன் வீட்டையே இடித்துக் குளம் வெட்டியவள் ஆயி என்று கதை சொல்வார்கள். கடலோரத்தில் குடியிருந்துகொண்டு உள்நாட்டுத் தண்ணீரை நம்பி வாழ்கிற ஊர் இது. இங்கே மிச்சமாகும் ஒவ்வொரு வாளியும் நிலத்துக்குள் நல்ல தண்ணீராகவே நிற்கும்.

இனி டேங்க். நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று குடிநீர்த் திட்டங்களில் கணக்கு வைக்கிறார்கள். நாலு பேருக்கு 540 லிட்டர். வீட்டு மோட்டார் நிமிஷத்துக்கு 30 லிட்டர் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய் பத்து நிமிஷம் வழிந்தால் 300 லிட்டர், அதாவது இரண்டு பேரின் ஒரு நாள் தண்ணீருக்கும் மேல், வெயிலில் மொட்டை மாடி வழியாகத் தெருவுக்குப் போய்விடுகிறது. இதைப் பழக்கத்தால் மட்டும் சரிசெய்ய முடியாது. சமையல் நடுவில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில், யாருக்கும் மோட்டார் ஞாபகம் இருக்காது. தண்ணீர் நிறைந்ததும் சத்தம் போடும் அலாரம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தானாக மோட்டாரை நிறுத்தும் கன்ட்ரோலர் அதைவிடக் கொஞ்சம் கூட. வாடகை வீடாக இருந்தாலும் அலாரத்தை நீங்களே வாங்கி மாட்டலாம், வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். என்னைக் கேட்டால் முதல் செலவு இதற்குத்தான்.

குழாய்த் தண்ணீர் நேராக டேங்க்குக்கோ சம்ப்புக்கோ போகிறதென்றால் உள்ளே இருக்கும் பால் வால்வை, அதாவது தண்ணீர் நிறைந்ததும் குழாயை அடைக்கும் மிதவை வால்வைப் பாருங்கள். நம் ஊர்க் காற்றும் உப்புத் தண்ணீரும் இரும்பைச் சும்மா விடாது. மிதவையின் கம்பி துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால் தண்ணீர் வரும் நேரம் முழுக்க வழியும். துருப்பிடிக்காத பிளாஸ்டிக் பாகம் வைத்த வால்வாக மாற்றிவிடுவது நல்லது.

அடுத்தது கழிவறை. பழைய பிளஷ் டேங்க் ஒரு தடவைக்கு 10 லிட்டர் வரை கொட்டும். இரண்டு பொத்தான் வைத்த புது வகையில் சின்னதுக்கு 3, பெரியதுக்கு 6 லிட்டர். வாடகை வீட்டில் டேங்க்கையே மாற்றச் சொல்ல முடியாது. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, டேங்க்குக்குள் மிதவையில் இடிக்காத மூலையில் வையுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் வைக்க வேண்டாம். ஊறிக் கரைந்து மண் வால்வில் போய் அடைக்கும்.

பிளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகுகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ராத்திரி படுக்கப் போகுமுன் டேங்க்குக்குள் கொஞ்சம் சொட்டு நீலம் விடுங்கள். அரைமணி நேரம் யாரும் பிளஷ் செய்ய வேண்டாம். கீழே பீங்கானில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது. அதை மாற்ற ஆகும் செலவு ஒரு நேரக் காய்கறிச் செலவுதான். சொட்டும் குழாய்க்கும் இதே மாதிரி ஒரு சோதனை: அடியில் ஒரு சொம்பை வைத்து அது நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு லிட்டர் சொம்பு ஒரு மணி நேரத்தில் நிறைந்தால் மாதத்துக்கு 720 லிட்டர். அந்தக் கணக்கை வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரிடம் சொல்லும்போது வாஷர் சீக்கிரம் வரும்.

குளியலும் பாத்திரமும் உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷவர் நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் வரை விடும். எட்டு நிமிஷக் குளியலுக்கு 80 லிட்டர். வாளியும் குவளையும் என்றால் 20 லிட்டரில் நிம்மதியாகக் குளிக்கலாம். பாத்திரத்தைத் திறந்த குழாயில் கழுவாமல், சோப்பு தேய்க்க ஒரு பேசின், அலச ஒரு பேசின் என்று வைத்துக்கொண்டால் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். வாஷிங் மெஷினை நிறைய துணி சேர்ந்த பிறகு போடுங்கள். மேலே திறக்கும் மெஷின் ஒரு சுற்றுக்கு 100 லிட்டருக்கு மேல்கூட எடுக்கும். அதன் கடைசி அலசல் தண்ணீர் அநேகமாகத் தெளிவாகவே இருக்கும். குழாயை ஒரு டிரம்முக்குள் விட்டுவைத்தால் பாத்ரூம் கழுவவும் கழிவறைக்கு ஊற்றவும் ஆகும்.

வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கிற இன்னொன்று, நேற்றுப் பிடித்த குடிதண்ணீரைப் 'பழைய தண்ணீர்' என்று கொட்டிவிட்டு இன்று புதிதாகப் பிடிப்பது. குடிநீர் நேரம் வைத்து வருகிற ஊர்களில் இது ஊறிப்போன பழக்கம். சுத்தமான குடத்தில் மூடி வைத்த தண்ணீர் ஒரு ராத்திரியில் கெட்டுப்போகாது. கையை உள்ளே விடாமல் கரண்டியால் மொண்டாலோ, குழாய் வைத்த பாத்திரத்தில் வைத்தாலோ மறுநாளும் தாராளமாகக் குடிக்கலாம்.

இப்போது ஆர்.ஓ. மெஷின். இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உப்புத் தண்ணீர்ப் பகுதியில் எல்லா வீட்டிலும் இது இருக்கிறது. வீட்டில் வைக்கும் ஆர்.ஓ., ஒரு லிட்டர் குடிதண்ணீர் கொடுக்க ஏறக்குறைய மூன்று லிட்டரைக் கழித்து வெளியே விடுகிறது. நாலு பேர் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் 15 லிட்டர் எடுத்தால் 45 லிட்டர் சிங்க்குக்குள் போகிறது. முதலில் உங்களுக்கு ஆர்.ஓ. தேவையா என்று பாருங்கள். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கும், அல்லது மெஷின் சர்வீஸுக்கு வருபவரிடமே அளந்து காட்டச் சொல்லலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடங்களில் 2,000 வரை. 500-க்குக் கீழ் இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டாம் என்று 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் உத்தரவிட்டது. உங்கள் வீட்டுக்கு நகராட்சிக் குழாய்த் தண்ணீரும் வந்து, அது இந்த அளவுக்குள் இருந்தால், குடிக்க அதை எடுத்துக் கொதிக்க வைத்து ஆறவைத்தாலே போதும். போர் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பை மட்டும்தான் காட்டும். கிருமியையோ ரசாயனத்தையோ காட்டாது. தொழிற்சாலைப் பகுதிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மீட்டரை மட்டும் நம்பாமல் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். எங்கள் கடலூர் சிப்காட் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் பட்ட பாட்டைக் கண்டவன் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

ஆர்.ஓ. கட்டாயம் வேண்டும் என்றால், கழிவுக் குழாயை ஒரு குடத்துக்கோ வாளிக்கோ திருப்புங்கள். அந்தத் தண்ணீர் வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்ற, மிதியடி துவைக்க, பாத்திரத்தின் முதல் கழுவலுக்கு நன்றாக ஆகும். செடிக்குத் தினமும் ஊற்றாதீர்கள். உப்பு அதில் செறிவாக இருக்கும். தொட்டி மண்ணில் வெள்ளையாகப் பூத்து, இலை நுனி கருகி, கடைசியில் செடி போய்விடும். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் அரிசி கழுவிய தண்ணீரையும் ஏ.சி. தண்ணீரையும் கொடுங்கள். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ராத்திரி முழுக்க ஓடும் ஏ.சி. ஒரு வாளிக்குப் பக்கமாகக்கூடத் தண்ணீர் சொட்டும். அது காற்றிலிருந்து வந்த தண்ணீர், உப்பு கிட்டத்தட்ட இருக்காது. குடிக்க மட்டும் வேண்டாம்.

கிணற்றடியிலும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலும் வாழை வைப்பது நம் பெரியவர்கள் வழக்கம். வாழை, கல்வாழை, சேம்பு மூன்றும் சோப்புத் தண்ணீரை ஓரளவு தாங்கி நன்றாக வளரும். பின்பக்கம் கொஞ்சம் மண் இருந்தால் துணி அலசும் தண்ணீரை அங்கே திருப்பிவிடுங்கள். தேங்காமல் மண்ணில் இறங்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. உங்கள் மாமியார் புதுப் பழக்கம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். இதையெல்லாம் அவரிடம் ஆலோசனையாகக் கேளுங்கள். கழுநீர்த் தொட்டி வைத்து மாட்டுக்கு ஊற்றிய, வடிகஞ்சியில் பருத்திப் புடவை முக்கிய, தூக்கு எடுத்துக்கொண்டு எண்ணெய் வாங்கப் போன தலைமுறை அது. நாம் இன்று பழக நினைப்பதில் பாதி அவர் கைப்பழக்கமாக இருக்கும்.

சரி, குப்பைக்கு வருவோம். நாலு பேர் வீட்டில் சமையலறைக் கழிவு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும். அது பேப்பர், கவர், பால் பாக்கெட்டோடு கலந்துவிட்டால் அத்தனையும் நாறிப்போய் எதற்கும் உதவாமல் போகும். காற்றுப் படாமல் குவியலுக்குள் அழுகும்போது மீத்தேன் வாயு வருகிறது. கிடங்குகளில் தீப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குரும்பாபேட் குப்பைக் கிடங்கில் வருஷக்கணக்காகக் குவிந்ததைக் கிளறிப் பிரிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். வீட்டிலேயே இரண்டு கூடை வைப்பதால் அந்த வேலை அங்கே வராமலே போகிறது. திடக்கழிவு மேலாண்மை விதிகளும் வீட்டிலேயே பிரிக்கச் சொல்கின்றன.

மக்கும் குப்பையை வண்டியில் போடுவதைவிட வீட்டிலேயே உரமாக்குவது மேல். மாடி வீட்டிலும் செய்யலாம். சுற்றிலும் சின்னத் துளை போட்ட இரண்டு மண்பானையோ பழைய பெயின்ட் வாளியோ போதும். அடியில் தேங்காய் நார் இரண்டு அங்குலம். தினக் கழிவைச் சின்னதாக நறுக்கிப் போட்டு, அதே அளவு காய்ந்த சருகையோ நார்த்தூளையோ மேலே தூவி மூடுங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் புளித்த மோரோ சாணிக் கரைசலோ தெளித்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை கிளறிவிட வேண்டும். முதல் பானை நிறைந்ததும் இரண்டாவதுக்குப் போங்கள். அது நிறைவதற்குள் முதல் பானையில் மண்வாசனையோடு கறுப்பாக உரம் தயாராகிவிடும். 45 முதல் 60 நாள் ஆகும்.

இதில் தோற்றுப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே காரணத்தால் தோற்கிறார்கள்: காய்ந்த பொருள் போதாது. நாறினால் ஈரம் அதிகம், சருகு போடுங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, கழுநீர் தெளியுங்கள். தடித்த வெளிறிய புழுக்கள் நெளிந்தால் பயப்பட வேண்டாம், அவை கழிவைத் தின்று உரமாக்குபவை, வீட்டுக்குள் வராது. சருகுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மாசி, பங்குனியில் தெருவோர வாதாம் மரமும் பூவரசும் வேம்பும் கொட்டுகிற இலையை இரண்டு சாக்கில் அள்ளி வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு வரும். தெருவில் அதைக் கூட்டிக் கொளுத்துகிறார்கள், பார்க்கவே மனசு பொறுக்காது. ஐப்பசி, கார்த்திகையில் பானையைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, சாரல் படாத இடத்தில் மூடி வையுங்கள்.

நம் ஊர் வீட்டுக் குப்பையில் மீன் கழிவு கட்டாயம் இருக்கும். செதில், குடல், தலையை அந்தப் பானையில் போட்டால் நாற்றமும் ஈயும் தாங்காது, பூனை கவிழ்த்துவிடும். அதற்கு மீன் அமிலம் செய்யுங்கள். மீன் கழிவு எவ்வளவோ அதே எடைக்கு நாட்டுச் சர்க்கரையோ வெல்லமோ கலந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பாதிக்கு மேல் நிரம்பாமல் போட்டு நிழலில் வையுங்கள். அவ்வப்போது மூடியைக் கொஞ்சம் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். மூன்று நாலு வாரத்தில் தேன் நிறத்தில் திரவம் பிரியும், நாற்றம் போய் ஒரு பழவாடை வரும். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து செடிகளுக்கு விட்டால் கீரையும் கறிவேப்பிலையும் துளிர்ப்பதைப் பாருங்கள். வெல்லம் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பவர்கள், மண் இருந்தால் ஓரடி ஆழத்தில் புதைத்துவிடலாம். தென்னைக்கும் முருங்கைக்கும் பக்கத்தில் புதைப்பது விசேஷம்.

பலாப்பழக் காலத்தில் இன்னொரு பாரம். பண்ருட்டிப் பலா வீட்டுக்கு வந்தால் பழத்தின் எடையில் பாதிக்கு மேல் மட்டையும் சக்கையுமாகவே போகும். பானை அதைத் தாங்காது. தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் சொல்லி வைத்தால் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போவார். கொட்டையை எறிய வேண்டாம். காயவைத்து எடுத்துவைத்தால் கருவாட்டுக் குழம்பில் போட வேறு காய் தேவைப்படாது.

மக்காத குப்பையில் முக்கால்வாசி கவர்தான். பால் பாக்கெட்டை வெட்டும்போது மூலையைத் துண்டாக எடுத்துவிடாமல் ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். அந்தக் குட்டித் துண்டுகளை யாரும் பொறுக்கி மறுசுழற்சிக்கு எடுப்பதில்லை. சாக்கடையில் போய், மழையில் கடலுக்குப் போகின்றன. பாக்கெட்டைப் பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஒரு முறை அலசிக் காயப்போட்டுச் சேர்த்து வைத்தால் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல் பல பொருள்களுக்குத் தடை. இருந்தும் ஹோட்டலில் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்றித்தான் தருகிறார்கள். கேட்காமல் தருவதை நிறுத்த ஒரே வழி, நாம் தூக்கை நீட்டுவதுதான். வண்டியில் போகிறவர்கள் சீட்டுக்கு அடியில் இரண்டு மஞ்சப்பையும் ஒரு தூக்கும் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். வீட்டில் ஆணியில் தொங்கும் பை எந்த மார்க்கெட்டுக்கும் போகாது. மீனுக்கு ஒரு மூடி போட்ட டப்பா தனியாக இருக்கட்டும்.

நாப்கினும் குழந்தை டயப்பரும் எந்தக் கூடையிலும் கலக்கக் கூடாது. பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பாக ஒரு அடையாளம் போட்டுத் தனியாகக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர் வெறும் கையால் பிரித்துப் பார்க்கும் நிலை வரக் கூடாது. துணி நாப்கினுக்கு மாற விருப்பம் இருந்தால், ஆரோவில்லில் ஈகோ ஃபெம் அமைப்பினர் தயாரிக்கிறார்கள், வருஷக்கணக்கில் வரும். தீர்ந்த பேட்டரி, டியூப்லைட், காலாவதியான மாத்திரை எல்லாம் ஒரு தனி டப்பாவில். டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் கொடுக்க வேண்டும். பொரித்து மிஞ்சிய எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைக்கும்.

மழையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அது உங்கள் கையில் மட்டும் இல்லை, வீட்டுக்காரரும் சம்மதிக்க வேண்டும். ஆனால் உப்புக்கு மருந்து அதுதான். நம் கரையில் வருஷத்துக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவது வருஷத்துக்கு 1,20,000 லிட்டர். தெறித்தது, காய்ந்தது போக எண்பது சதவீதம் பிடித்தால்கூட உங்கள் குடும்பத்தின் ஏறக்குறைய ஆறு மாதத் தண்ணீர். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. அடுத்த கோடையில் அதே ஊரில் தண்ணீர் கேன் வாங்கினோம்.

தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது போட்ட குழாய்கள் இன்றும் நிற்கின்றன. பலவற்றின் கீழ்முனை சாக்கடையில் இருக்கும், அல்லது தொட்டி மண் மூடிக் கிடக்கும். உங்கள் வீட்டில் குழாய் எங்கே போய் முடிகிறது என்று முதலில் பாருங்கள். பழைய கிணறு இருந்தால் அதிர்ஷ்டம். உடைகல், கரி, மணல் போட்ட சிறு வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விட்டால் போதும். கிணறு இல்லையென்றால் மூன்றடி அகலம், ஐந்தாறு அடி ஆழத்தில் ஒரு குழி, அதில் உடைகல்லும் மேலே மணலும். முத்தியால்பேட்டை மாதிரி மணற்பாங்கான இடத்தில் தண்ணீர் மளமளவென்று இறங்கும். சிதம்பரம் பக்கம்போலக் களிமண் என்றால் குழிக்குள் ஒரு சின்ன போர் போட்டு மணல் அடுக்கு வரை இறக்க வேண்டியிருக்கும். வடிகட்டாமல் நேராக போர் குழாய்க்குள் விடக் கூடாது. செப்டிக் டேங்க்கிலிருந்து முடிந்தவரை தள்ளியே குழி வெட்ட வேண்டும். பருவத்தின் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். தூசியும் காக்கை எச்சமும் அதோடு போகும்.

வீட்டுக்காரர் எதற்கும் அசையவில்லை என்றால், மாடிக் குழாய்க்கு அடியில் ஒரு 200 லிட்டர் டிரம் வையுங்கள். மேலே கொசுவலைத் துணி இறுக்கிக் கட்டுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஏழு முதல் பத்து நாளில் பறக்க ஆரம்பித்துவிடும். அதனால் வாரம் ஒரு முறை காலி செய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவுவது கட்டாயம்.

நெய்வேலிச் சுரங்கத்தில் அடியிலிருக்கும் அழுத்த நீரை இறைத்தால்தான் நிலக்கரி வெட்ட முடிகிறது, தொழிற்சாலைகள் உறிஞ்சுகின்றன, இதில் நம் வாளித் தண்ணீர் எம்மாத்திரம் என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்விகளை அரசிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் உங்கள் போரைச் சுற்றியிருக்கும் மணலில் உப்பு ஏறுவதை, உங்கள் தெருவில் இருக்கும் பத்து வீடுகள் இறைப்பதும் இறக்குவதும் நேரடியாகவே பாதிக்கிறது. அந்த அளவில் இது உங்கள் கைக்கு எட்டுகிற வேலைதான்.

வீட்டுக்காரரிடம் பேசும்போது சுற்றுச்சூழல் என்று ஆரம்பிக்காதீர்கள். உப்பு ஏறினால் மோட்டார், குழாய், கீஸர் எல்லாம் சீக்கிரம் போகும், கம்பி துருப்பிடித்துக் கட்டடத்துக்கும் கெடுதல், வாடகைக்கு ஆள் வருவதும் கஷ்டம் என்று அவருடைய செலவுக் கணக்கிலேயே பேசுங்கள். குழி வெட்டும் செலவில் பாதியை வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். ஆவணி முடிவதற்குள் பேசி முடித்துவிடுங்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் எல்லார் வீட்டுக் குழாயும் ஒரே நேரத்தில் ஞாபகம் வரும், பிளம்பர் கிடைக்க மாட்டார்.